பூட்டிய தொட்டிகள்

கெலாங் பாத்தாவில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு பசுமைக் கட்டடத்துக்குச் சுற்றுச்சூழல் மதிப்பெண் போடப் போயிருந்தேன். வாசலில் மரம், இரும்பு, காகிதம் என்று எழுதிய மூன்று கழிவுத் தொட்டிகள். மூன்றிலும் பூட்டு. அவற்றை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார் வாசல் காவலுக்கு இருந்த ஜாகா. ஒடிசலான உடம்பு, அதற்கு இரண்டு அளவு பெரிய காவலாளிச் சட்டை. பேசும்போதும் துடைப்பதை நிறுத்தவில்லை.

"ஏண்ணே பூட்டி வெச்சிருக்கீங்க?"

"தொறந்து விட்டா குப்பையப் போட்டுருவாங்க மேடம்."

"அதுக்குத்தானே தொட்டி?"

"அலமாக்! அழுக்காயிடும் லா. மார்க்கு போட ஆள் வராங்களாம். பளிச்சுனு இருக்கணும்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

அப்படியானால் கழிவெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன். பெருமையோடு பின்பக்கம் கூட்டிப் போனார். அங்கே அவருடைய காவல் கொட்டகை. சுவர் முழுக்க வீணான பலகைத் துண்டுகள், கூரைக்கு மிச்சத் தகரம். வெட்டிப் போட்ட கம்பிகளில் பயற்றங்கொடி ஏறிக் காய்த்துத் தொங்கியது. மடித்துப் போட்ட சிமெண்டுப் பைகள்மேல் ஒரு பூனை உறங்கியது.

"மார்க்கு போட வந்த ஆள் நான்தாண்ணே" என்றேன்.

கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். கொட்டகையை மறைத்துக்கொண்டு கைகளை விரித்தார்.

"இதப் பாக்காதீங்க மேடம். நாளைக்கே பிரிச்சு எல்லாத்தையும் அந்தத் தொட்டியில போட்டுடறேன். சாவி என்கிட்டதான் இருக்கு."

கழிவு மேலாண்மைக்கு முழு மதிப்பெண் போட்டேன். குறிப்பு எழுதும் கட்டத்தில் வெகுநேரம் யோசித்து ஒரே வரி எழுதினேன்: 'காவல் கொட்டகையை யாரும் சுத்தம் செய்யக் கூடாது.'