உத்தமன் மாமா பாஸ் போடாத நூடுல்ஸ்

சேக்காட்டில் எங்கள் பக்கத்து வீட்டு உத்தமன் மாமா, தொழிற்சாலையில் முப்பது வருடம் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் எளிதில் பாஸ் போடமாட்டார். மனைவி லோகநாயகி அத்தையின் சாம்பாரே இன்னும் பாஸாகவில்லை.

சீனாவிலிருந்து நான் கொண்டுவந்த ஆறு வகை நூடுல்ஸையும் அவரிடம் கொடுத்தேன். ஐந்தை வரிசையாக ரிஜெக்ட் செய்து தன் நோட்டில் குறித்துக்கொண்டார். ஆறாவது, சிச்சுவான் மிளகு போட்டது. நாக்கு மரத்து, கண்ணில் நீர் வழிய, கிண்ணத்தைத் தூக்கிச் சாறு முழுவதையும் குடித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

“இன்னாய்யா, என் சாம்பாருக்குப் போடாத பாஸ இதுக்குப் போடப்போறியா?” என்றார் அத்தை.

பேனா நின்றது. “ஒரே சாம்பிள வச்சி எப்டி பாஸ் போட்றது? ரூல்படி மூணு வேணும்,” என்று நோட்டில் ‘நிலுவை’ என எழுதினார்.

அத்தை உள்ளே போனதும் என்னிடம் குரலைத் தாழ்த்தினார். “இன்னும் ரெண்டு பாக்கெட்டு வேணும். மறுபடி சீனாவுக்கு எப்போம்மா கெளம்புற?”