ஒன்பதாம் இருக்கை

2021 ஆகஸ்ட் 9: இருக்கை 24, படம் 11.
2022 ஜனவரி 17: இருக்கை 24, படம் 20.
2023 மார்ச் 2: இருக்கை 24, படம் 24, தெரிபவை 23.

தார்வாட் மாளமட்டியில் சுமங்கலா பட்டணஷெட்டி கணினி முன் உட்காரும்போது இன்றும் இடது காதின் மேல் விழும் முடியை ஒதுக்கிக்கொள்வார். வெளியூர் தொலைபேசி அழைப்புகளை இணைக்கும் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட் மாட்டிய நாள்களின் பழக்கம். எக்ஸ்சேஞ்ச் தானியங்கியானதும் கணினிப் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஓய்வுக்குப் பிறகு, அங்கே உடன் வேலை பார்த்த பழைய தோழிகளுக்காக அந்த எக்ஸ்சேஞ்ச் அறையையே ஓர் இணையப் பக்கமாகக் கட்டிவிட்டார். அறை, வெப் காம்பொனென்ட் என்கிற ஒரு நிரல் துண்டு; இருக்கை ஒவ்வொன்றும் அதில் ஒரு ஸ்லாட், படம் சொருகும் இடம்.

முதலில் அவரவர் படத்தின் மேல் அவரவரே இருக்கை எண்ணை எழுதிக்கொள்ளலாம், பக்கம் தானே உட்கார வைத்துவிடும் என்றிருந்தது. பதினோரு பேரும் ஜன்னலோர முதல் இருக்கையில் குவிந்தார்கள். அன்றே கைமுறைக்கு மாற்றினார். இப்போது அவர் நிரலில் பெயர் சொல்லி ஒதுக்கினால்தான் இடம். ஒதுக்காத படம் பக்கத்துக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆளில்லாத இடத்தில் வெறும் முக்காலி தெரியும். ஒருவரை வேறு இருக்கைக்கு ஒதுக்கினால் பழையதிலிருந்து தானே எழுந்துவிடுவார்.

பொரி கிர்மிட்டோடு வரும் பழைய தோழி கிரிஜா அங்கடிக்கு இதில் தீராத ஆதங்கம்.

“ஜன்னல் பக்கம் என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?”

“தானா சேர விட்டா, அவங்கவங்களே நேரா டயல் பண்ற எஸ்டிடி மாதிரி ஆயிடும். யாரு யாரோட பேசறான்னே தெரியாது. ஒவ்வொரு காலுக்கும் கையால வயர் சொருகினவடி நான்.”

“அப்ப ஒன்பதுல மட்டும் ஏன் முக்காலி?”

ஒன்பது, சுமங்கலாவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்த மெஹ்ருன்னிசாவின் இடம். 1983இல் ஒரு மதியம் பத்தாம் இருக்கையில் சுமங்கலா கண்ணயர்ந்தார். சாவுச் செய்தி சொல்ல வந்த ஓர் அழைப்பு நாற்பது நிமிடம் காத்துக் கிடந்தது. விசாரணையில் மெஹ்ருன்னிசா பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். சுமங்கலா வாயே திறக்கவில்லை. மெஹ்ருன்னிசாவைப் பீதருக்கு மாற்றினார்கள்.

குழுப்படத்திலிருந்து வெட்டிய அவர் முகம் பக்கத்துக்குள்தான் இருக்கிறது. அவர் சம்மதிக்காமல் உட்கார வைக்கக் கை வரவில்லை. போன் நம்பர் இருந்தும் பேசத் துணிவில்லாமல், நடந்ததை ஒப்புக்கொண்டு பீதருக்கு மூன்று கடிதங்கள் போட்டார். மூன்றுக்கும் பதில் இல்லை. நான்காவதையும் போட்டார்.

பதில் ஓர் இன்லேண்ட் லெட்டரில் வந்தது. “ஒன்பதுலயே உட்கார வைடி. நீ தூங்கிட்டா வேற யாரு எழுப்புவா?”

சுமங்கலா ஒரு வரி தட்டினார். முக்காலி மறைந்து முகம் வந்தது. தன் நாற்காலியைச் சற்று வலப்புறம் நகர்த்தி, இடப்பக்கம் இடம் விட்டு உட்கார்ந்தார். பிறகு நிரலின் தலையில் இருந்த பட்டியலின் கீழே எழுதினார்:

கடிதம் வந்தது, 2023 நவம்பர் 14.