கெல்வின் பஸ்ஸைத் தவறவிட்ட வெள்ளிக்கிழமை

கற்பூரம் போட்டுச் சூடாக்கிய நல்லெண்ணெயின் மணம்தான் முதலில் நினைவுக்கு வரும். லண்டன் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் இருந்த வீட்டின் படிக்கட்டில் விடியற்காலையிலேயே அந்த மணம் இறங்கி வந்து, குசினியில் அம்மா அவிக்கும் புட்டின் ஆவியோடு கலந்து நிற்கும். மேல் அறையில் வாடகைக்கு இருந்த கெல்வின் தன் இடது முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறார் என்று அதற்கு அர்த்தம். கரீபியன் கடலின் கிரனடாத் தீவில் பிறந்த, ஆறடி எட்டங்குல உயரமான, கூடைப்பந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்ட ஒரு மனிதருக்கு யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி எண்ணெய் காய்ச்சிக் கொடுக்கத் தொடங்கியது எப்படி என்று கேட்டால் என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. அந்த வீட்டில் நடந்த பலவற்றுக்கும் இல்லை.

எனக்கு அப்போது பத்து வயது. பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்த அப்பா அவரை "நெடுவல்" என்பார். அம்மாவுக்கு அவர் "கெல்வின் தம்பி". தம்பியின் தொழில்தான் எங்கள் எல்லோரையும் குழப்பியது. "பந்து போடுறதெல்லாம் ஒரு வேலையோ? வேலையெண்டால் ஏன் காலமை பள்ளிக்கூடத்தில கதிரை அடுக்கப் போறான்?" என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்விதான். கூடைப்பந்து வீரன் என்றால் அமெரிக்கன், தொலைக்காட்சியில் வருவான், பெரிய கார் வைத்திருப்பான் என்று என் வகுப்புப் பிள்ளைகள் அடித்துச் சொன்னார்கள். எங்கள் வீரரோ மழையில் பஸ்ஸுக்கு நின்றார், நிலைக்கதவில் தலையை இடித்துக்கொண்டார், முட்டைப்பொரியலோடு புட்டுச் சாப்பிட்டார்.

அவருடைய கதையை அவரே துண்டுதுண்டாகச் சொல்லியிருக்கிறார். மீன்பிடிக் கிராமம்; ஈரப்பலா மரத்தில் பழைய பீப்பாயின் இரும்பு வளையத்தைத் தகப்பன் அறைந்து கொடுத்தது; பதின்மூன்று வயதில் லண்டனில் தாதியாக இருந்த மாமியிடம் வந்து, மாதத்துக்கொரு காற்சட்டை கட்டையாகிப்போக, பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் பிடித்துப் பந்தடிக்க விட்டது; அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து, பயிற்சியாளர் மாறியதும் புலமைப்பரிசில் நின்று திரும்பி வந்தது; பிறகு இங்கிலாந்தின் வடக்கே குளிரும் மண்டபங்களில், பார்க்க வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஆட்டங்களில், ஒரு நகரம் விட்டு இன்னொரு நகரமாக விளையாடியது; கடைசியில் லண்டன் கழகம் ஒன்றில் வந்து சேர்ந்தது. முப்பது வயதாகிவிட்டது. அப்போதுதான் பெல்ஜியத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சனிக்கிழமை காலை வந்து ஆடிக் காட்டு, பிடித்தால் இரண்டு வருடத்துக்கு எடுக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். "இதுதான் எனக்குக் கடைசி, இதுக்குப் பிறகு ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்," என்று ஆங்கிலத்தில் அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. ஆனாலும் விளங்கிக்கொண்டு கண் கலங்கினார்.

இனி நான் செய்த கூத்துக்கு வருகிறேன்.

வியாழக்கிழமை பின்னேரம், அவர் போய்விட்டால் வகுப்பில் ஒருத்தரும் என்னை நம்பப்போவதில்லையே என்று எனக்குத் திடீரென்று பதற்றம் பிடித்தது. கையெழுத்து வாங்கக் கடதாசி தேடினேன். கிடைக்கவில்லை. குசினிச் சுவரில் தமிழ்க் கடைக்காரர் கொடுத்த நாட்கலண்டர் தொங்கியது. நாள் முடியுமுன் தாளைக் கிழிக்கக் கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பான சட்டம். அம்மா குளிக்கப் போயிருந்தார். அன்றைய தாளைச் சர்ரென்று கிழித்து, பின்பக்கத்தில் கையெழுத்து வாங்கிப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை அப்பா வேலையால் வந்து, தூக்கக் கலக்கத்தில், வழக்கம்போல ஒரு தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் படுக்கப் போனார். அப்படியாக எங்கள் சுவரில் வெள்ளிக்கிழமை விடியவேயில்லை, நேரே சனிக்கிழமை வந்துவிட்டது.

ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருந்த விக்ரோறியா பஸ் நிலையத்திலிருந்து ஒன்பதரைக்கு பெல்ஜியம் பஸ். எட்டு மணிக்கு முன் கெல்வின் பையோடு இறங்கி வந்தார். "பொறு தம்பி, சுபநேரம் பாத்து வெளிக்கிடு," என்று அம்மா மறித்தார். கண்ணாடி கையில் அகப்படவில்லை. "எடி பிள்ளை, எத்தனை மணிக்கெண்டு வாசி."

நான் கலண்டருக்கு முன்னால் நின்றேன். சனி என்று பெரிதாகப் போட்டிருந்தது. சொன்னால் தாள் கிழித்த கதை வெளியே வரும், பூசை கிடைக்கும். "ஒன்பதேகால்," என்று வாசித்தேன்.

பஸ்ஸின் நேரம் தெரியாத அம்மா அவரைக் கதிரையில் இருத்தினார். "போற காரியம் பெரிசு. அவசரப்பட்டுக் கெடுக்காதை," என்றார். அந்தப் பெரிய உடம்பு பையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா வைத்ததையெல்லாம் சாப்பிட்டுக்கொண்டு, ஒன்பதேகால் வரைக்கும் இருந்தது. நான் குப்பை வாளிக்குள் கையை விட்டு வெள்ளிக்கிழமையை எடுத்துப் பார்த்தேன். சுபநேரம் ஏழரை முதல் எட்டரை. அதைத் திரும்ப வாளிக்குள்ளேயே அமுக்கிவிட்டேன்.

மத்தியானம் அவர் அதே பையோடு திரும்பி வந்தார். அடுத்த பஸ் சனிக்கிழமைதானாம். தொலைபேசியில் கேட்டபோது, நேரத்துக்கு வரக்கூடிய வேறொருவரைப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். "பரவாயில்லை, அன்ரி," என்றார். அம்மா வாசலில் நின்ற இடத்திலேயே இருந்துவிட்டார். அடுத்த வருடம் முழங்கால் ஒரேயடியாகக் கைவிட, கெல்வினின் ஆட்டமும் முடிந்தது, மேல் அறையும் காலியானது. அதற்குப் பிறகு அம்மா ஒருவருக்கும் நேரம் பார்த்துச் சொன்னதில்லை. என் கலியாணத்துக்கு மாமியாட்கள் முகூர்த்தம் கேட்டு வந்தபோதுகூட, "என்னைக் கேளாதேங்கோ, நீங்களே பாருங்கோ," என்று ஒதுங்கிக்கொண்டார். அகங்காரம் என்று சனம் கதைத்தது. எனக்குக் காரணம் தெரியும், வாய்தான் வரவில்லை.

போன மாதம் கோலியர்ஸ் வுட்டில் மகனை ஒரு விளையாட்டு மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். பிள்ளைகளுக்குப் பந்து போடக் காட்டிக்கொண்டிருந்த நரைத்த நெடுவலைக் கண்டேன். அவரும் என்னை அடையாளம் கண்டார். இத்தனை வருடமும் மனதில் கொண்டுதிரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். அவர் சிரித்தார்.

"எனக்கு அன்றைக்கே தெரியும். தமிழ் தெரியாதுதான், ஆனால் இலக்கம் தெரியும். என் ரிக்கற்றில் ஒரு திகதி, உங்கள் சுவரில் அடுத்த நாள் திகதி."

"பிறகேன் இருந்தீர்கள்?"

அவர் பந்தைத் தட்டியபடி யோசித்தார். முழங்கால் ஏற்கெனவே போய்விட்டது, அங்கே ஆடினால் தெரிந்துவிடும் என்ற பயம் என்றார். பிறகு, இல்லை, உன் அம்மாவின் சொல்லைத் தட்ட மனம் வரவில்லை என்றார். கடைசியில், "இரண்டையும் எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன். எது உண்மையென்று எனக்கே இப்போது தெரியாது," என்றார். காரில் வரும்போது நான் குற்றவாளியா, அவருக்கு ஒரு சாக்குக் கொடுத்தவளா என்று விளங்காமல் இரண்டு தரம் பாதை மாறிப் போனேன்.

கிங்ஸ்பரியில் என்னோடு இருக்கும் அம்மாவிடம் அன்றைக்கே சொன்னேன். ஈஸ்ட் ஹாம் வீடு கைமாறிவிட்டது, அப்பா இல்லை, நாட்கலண்டர் தொங்கும் சுவரும் எங்களிடம் இல்லை, நாளும் கோளும் போனுக்குள் போய்விட்டன. அம்மா முழுவதையும் கேட்டார்.

"அப்ப உங்கள் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு," என்றார். "வருசா வருசம் கோயிலில ஒரு அர்ச்சனை செய்யிறன், ஆருக்கெண்டு நினைச்சாய்?"

எங்களுக்கென்றுதான் நினைத்திருந்தேன்.

"அந்தப் பிள்ளைக்கு. நட்சத்திரம் தெரியாது, சுவாமி பேரில செய்யுங்கோ எண்டு ஐயருக்குச் சொல்லிச் சொல்லி... அவன்ர வாழ்க்கையை நான் கெடுத்துப்போட்டன் எண்டு..." மிச்சம் அழுகையில் போய்விட்டது. நான் கையைப் பிடித்தேன். உதறினார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஞாயிற்றுக்கிழமை அவனை இஞ்ச கூட்டிக்கொண்டு வா," என்றார். சாப்பாடு போடவோ, ஏசவோ, எனக்கு விளங்கவில்லை.

"எத்தனை மணிக்கு வரச் சொல்ல, அம்மா?"

"அதை என்னட்டைக் கேளாதை," என்று சொல்லிவிட்டு எழும்பி அறைக்குள் போனார்.