நல்ல எண்ணெய்க்கு எதற்கு அளவு?

இடது கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் இருக்கும் பெரிய கரண்டியை அண்ணாந்து வாயில் கவிழ்க்கிறார். ஆளிவிதை எண்ணெய். விழுங்கியதும் கண்ணை மூடி, வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சமையலறைச் சுவரோரம் அசையாமல் நிற்கிறார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேசக் கூடாது. சற்றுப் பொறுத்து, “நெஞ்சு தாண்டிடுச்சு” என்கிறார். இன்னும் சற்றுப் பொறுத்து, “கீழ வந்து நின்னுடுச்சு. இப்ப கதவு திறக்குது.”

இவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். உடம்பையும் மாடி மாடியாகத்தான் பார்ப்பார்.

எங்களுக்கு எதிர்வீடு. அவர் வீட்டுக் கதவும் எங்கள் வீட்டுக் கதவும் திறந்திருந்தால் அவர் சமையலறை அலமாரி என் நாற்காலியிலிருந்தே தெரியும். மற்றவர்கள் வீட்டில் மளிகை இருக்கும் இடத்தில் அங்கே புட்டிகள் நிற்கும். ஆலிவ் எண்ணெய் இதயத்துக்கு. ஆளிவிதை எதிர்ப்புச் சக்திக்கு. நல்லெண்ணெய் எதற்கென்று கேட்டால், “பேர்லயே நல்லதுன்னு இருக்கு, அப்புறம் என்ன விசாரணை?” என்பார். சூரியகாந்தி எண்ணெயின்மேல் மட்டும் அவருக்கு என்னவோ கோபம். அது பால்கனிக்கு நாடு கடத்தப்பட்டு, கதவுக் கீல்களுக்கு உழைத்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பக்தி பிறவியிலேயே வந்ததல்ல. முந்தைய மழைக்காலத்தில் காய்ச்சலும் இருமலும் அவரைப் படுக்கையில் தள்ளிவிட்டன. அதுவரை ஒரு நாளும் வேலைக்கு மட்டம் போடாதவர். ஒரு சளி தன்னை இப்படிக் கிடத்திவிட்டதே என்று உள்ளுக்குள் ஆடிப்போனார் என்று அவர் மனைவி எங்களிடம் சொன்னார். படுத்தபடியே கைப்பேசியில் பார்த்த ஏதோ ஒரு காணொளியில், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், நோய் எதிர்ப்புச் சக்தியின் ஆணிவேரே எண்ணெய்தான் என்று சத்தியம் செய்திருக்கிறார். எழுந்தவர் நேரே கடைக்குத்தான் போனார்.

அன்றிலிருந்து எல்லாவற்றிலும் எண்ணெய் மிதந்தது. வேகவைத்த காய்கறி தட்டில் நீந்தும். முட்டை பொரிக்கப்படாமல் மூழ்கடிக்கப்படும். எண்ணெயைக் கரண்டியால் விலக்கித்தான் சூப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். இவ்வளவு எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டேன். “கெட்ட எண்ணெயத்தான் சார் அளந்து ஊத்தணும். நல்ல எண்ணெய்க்கு எதுக்கு அளவு? மனசுதான் அளவு” என்றார்.

“அந்த மனசுதான் இப்ப இடுப்புல தெரியுது” என்றார் அவர் மனைவி, நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அது அமிர்தத்துக்குச் சொன்னது, ஆலிவுக்கு இல்லை என்றுவிட்டார்.

இடுப்பில் தெரிந்தது உண்மைதான். வேலைச் சட்டையின் பொத்தான்கள் ஒன்றுக்கொன்று தைரியம் சொல்லிக்கொண்டு நின்றன. பெல்ட்டில் ஆணியால் புதிய ஓட்டை போட்டுக்கொண்டார், அதற்கடுத்து இன்னொன்று. இது கொழுப்பு இல்லை, பலம் என்பது அவர் கட்சி. சளியும் சொல்லாமல் கொள்ளாமல் வந்துகொண்டுதான் இருந்தது. தும்மினால், “சளி இல்ல சார், கழிவு வெளியேறுது” என்று கைக்குட்டையைத் தேடுவார்.

அவரோடு வேலை செய்கிறவனுக்கு நெட்டை என்று பெயர். கொடிக்கம்பத்துக்குச் சட்டை மாட்டியது போல இருப்பான். கிடைத்த எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கை நின்றுகொண்டே தின்பான். மழையில் நனைந்தபடி வீட்டுக்குப் போவான். மறுநாள் சீட்டியடித்துக்கொண்டு வருவான். இவரால் அதைத் தாங்க முடியவில்லை. உள்ளுக்குள் எல்லாம் அரித்துக்கொண்டிருக்கும், வெளியே தெரியாது என்று அவனைப் பார்த்துப் பரிதாபப்படுவார். அவன் பாதி உருளைக்கிழங்கை இவர் பக்கம் நீட்டுவான். இவரும் பரிதாபப்பட்டபடியே வாங்கிக்கொள்வார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு மருத்துவமனையில் போய் மாட்டிக்கொண்டது. நடந்ததை எனக்குச் சொன்னவன் நெட்டை. அவர் பிறகு சில திருத்தங்களோடு ஒப்புக்கொண்டார்.

அந்த மருத்துவமனை லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு டாக்டரம்மா, தனியாக. கதவை வெளியிலிருந்து திறக்க வழியில்லை. யாராவது உள்ளே இறங்கித்தான் தாழை விடுவிக்க வேண்டும். நெட்டை மொட்டைமாடிக்குப் போய் மின்சாரத்தை நிறுத்தினான். இவர் மேல்தளத்திலிருந்து லிஃப்டின் கூரைமேல் காலை வைத்தார். கூரையில் சதுரமாக ஒரு திறப்பு உண்டு. எத்தனையோ வருஷமாக அவர் இறங்கி ஏறிய திறப்பு. கால்களை உள்ளே விட்டார். முழங்கால் போயிற்று. தொடை போயிற்று. இடுப்பு வந்ததும் லிஃப்டைப் போலவே அவரும் நடுவழியில் நின்றுவிட்டார்.

கீழே இருந்த டாக்டரம்மாவுக்குத் தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும். யாரென்று கேட்டார்.

“பயப்படாதீங்கம்மா. உங்களக் காப்பாத்த வந்திருக்கேன்” என்றன கால்கள்.

நெட்டை படியிறங்கி வரும்வரை வேறு வேலை இல்லை. டாக்டரம்மா முதலில் மூச்சு சரியாக விட முடிகிறதா, எங்காவது வலிக்கிறதா என்று விசாரித்தார். அப்புறம் சாப்பாடு. இவர் மேலே இருட்டைப் பார்த்துக்கொண்டு தம் எண்ணெய்க் கொள்கையை முழுவதும் விளக்கினார். கேட்டு முடித்த டாக்டரம்மா அந்தக் கால்களைப் பார்த்துச் சொன்னாராம்: “ஆலிவோ ஆளியோ, ஒரு கரண்டியில இருக்கிற கொழுப்பு கிட்டத்தட்ட ஒண்ணுதாங்க. நல்ல எண்ணெய்ங்கிறது மோசமானதுக்குப் பதிலா ஊத்துறதுக்கு. அதுக்கு மேல ஊத்துறதுக்கு இல்ல.”

எதிர்ப்புச் சக்திக்காகத்தான் இத்தனையும் என்று மேலிருந்து குரல் இறங்கியது.

“வயித்துல சேர்ற கொழுப்பு சும்மா கிடக்காது. உள்ளுக்குள்ள தணல் மாதிரி புகைஞ்சுக்கிட்டே இருக்கும். உங்க எதிர்ப்புச் சக்திக்கு அதோட மல்லுக்கட்டவே நேரம் சரியா இருக்கு. மழைச் சளிய அது எப்ப கவனிக்கும்?”

கால்கள் மெல்ல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

நெட்டை வந்து பார்த்தான். தோளைப் பிடித்து இழுத்தான், அசையவில்லை. இவருடைய சாப்பாட்டுப் பை கூரைமேலேயே இருந்தது. அதிலிருந்து ஆலிவ் புட்டியை எடுத்து மூடியைத் திருகினான். அது முதல் பிழிவு, விலை தெரியுமா என்று இவர் பதறினார். “இடுப்பும் உங்க இடுப்புதானே அண்ணே” என்று சொல்லிவிட்டு, சுற்றிவர ஊற்றினான். கீழேயிருந்து டாக்டரம்மா இரண்டு பாதங்களையும் தாங்கித் தள்ள, மேலேயிருந்து நெட்டை இழுக்க, வழுக்கிக்கொண்டு வெளியே வந்தார். அந்த எண்ணெய் அவர் இடுப்புக்குச் செய்த ஒரே நன்மை அதுதான். நெட்டை அதே திறப்பில் தபால் போல இறங்கிக் கதவைத் திறந்தான்.

சிரிப்பு அடங்கியதும் கம்பெனியில் அவரை அலுவலகத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். பழுது என்று கூப்பிடுகிறவர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை. நிழல், மின்விசிறி, சுழல் நாற்காலி. மற்றவர்கள் ஏங்குகிற இடம். அவர் முகம் மட்டும் பார்க்கச் சகிக்கவில்லை. யாராவது லிஃப்ட் சத்தம் போடுகிறது என்றால், ரிசீவரை அந்தச் சத்தத்துப் பக்கம் காட்டச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாராம். ஒரு நாள் எங்கள் கட்டிடத்து லிஃப்டின் கதவில் அவர் நெற்றியைச் சாய்த்தபடி நின்றதை நானே பார்த்தேன். “உள்ள கயிறு ஓடுறது கேக்குது சார்” என்றார். நான் படியில் ஏறிப் போனேன்.

மறு வாரம் அந்த டாக்டரம்மாவைத் தேடிப் போனார். முழு உருவத்தோடு வந்திருந்ததால் அவருக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. செருப்பைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாராம். புது எண்ணெய் எதுவும் எழுதித் தரவில்லை. இருக்கிறதையே குறையுங்கள், நடங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள், காய்கறி சாப்பிடுங்கள், அது நீந்த வேண்டியதில்லை என்று அனுப்பிவிட்டார். புட்டிகளின் ஆட்சி மனைவி கைக்குப் போயிற்று. பெரிய கரண்டி பதவி இழந்து சிறிய கரண்டி வந்தது. வீட்டுக்கு வரும்போது லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறினார். லிஃப்டுக்காரன் படியேறுவதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள், லிஃப்டில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று தாங்களும் சில நாள் படியேறினார்கள்.

பெல்ட் ஒவ்வொரு ஓட்டையாகப் பழைய இடத்துக்கு இறுகியது. மழையும் வந்தது. அவருக்கு ஒரு சளி பிடித்தது, நாலு நாள் இருந்துவிட்டுப் போயிற்று. அதைக் கழிவு என்று சொல்லாமல் சளி என்றே சொன்னார். அதன் பிறகு கம்பெனியில் ஒரு லிஃப்டை நிறுத்திவைத்து, மேலதிகாரி பார்த்திருக்க அதன் கூரைத் திறப்பில் இறங்கச் சொன்னார்கள். மூச்சை வெளியே விட்டு இறங்கினார். ஒரு பக்கம் கொஞ்சம் உரசியதாக நெட்டை சொல்கிறான். உரசவே இல்லை என்று அவர் சொல்கிறார். எப்படியோ, மறுநாளே வேலைப் பையோடு புறப்பட்டுப் போனார்.

போன வாரம் அவரையும் அவர் மனைவியையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். வேகவைத்த பீன்ஸும் காரட்டும், கூடவே ரொட்டியும். என் மனைவி விருந்தாளிகளுக்கென்று எண்ணெயைச் சற்றுத் தாராளமாகவே ஊற்றிவிட்டாள். அவர் தட்டின் ஒரு விளிம்புக்கு அடியில் முள்கரண்டியை முட்டுக்கொடுத்து, எண்ணெய் மறுபக்கம் வடியும்வரை காத்திருந்தார். அப்புறம் மேட்டுப் பக்கத்துக் காய்களை மட்டும் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே, எண்ணெயில் நல்லது கெட்டது என்பதெல்லாம் அப்புறம், முதலில் அளவு என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார். என் மனைவி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பாடம் முடிந்ததும் பெண்கள் இருவரும் பழம் நறுக்க எழுந்து உள்ளே போனார்கள்.

அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். ஒரு துண்டு ரொட்டியை எடுத்து, பள்ளத்தில் தேங்கியிருந்த எண்ணெயைத் தட்டு பளபளக்கும்படி ஒற்றி எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் நான் பார்ப்பதைப் பார்த்தார். கை அந்தரத்தில் நின்றது. பிறகு ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, எண்ணெய் அதிகமாக ஊறியிருந்த பாதியை என் தட்டில் வைத்தார்.