லுங்கிக்குக் கீழே பூட்ஸ்

அது சண்டை இல்ல மதினி! நேத்து சாயங்காலம் உங்க தலைக்கு மேல தொம்மு தொம்முன்னு கேட்டுச்சுல்ல, மருமக பாத்திரத்தப் போட்டு ஒடைக்கிறான்னு எதுத்த வீட்ல சொன்னீங்களாமே? நல்லா சொன்னீங்க போங்க. அது என் பேத்தி. பூட்ஸ் போட்டு நடந்து பழகுறா. வீட்டுக்குள்ள! வாசப்படியில செருப்பக் கழட்டாம ஒருத்தர் உள்ள வந்தா நான் என்ன கத்து கத்துவேன், உங்களுக்குத் தெரியும். இப்ப நானே சாமி படத்துக்கு முன்னாடி திரையை இழுத்து விட்டுட்டு, "நட தாயி நட"ங்கிறேன். வெளியில நடந்தா சேறு அப்பிக்கிரும்ல. என்ன கூத்துன்னு எனக்கே புரியல.

அடுத்த வாரம் அவ ஜப்பானுக்குப் போறாள்ல, வயசானவங்களப் பாத்துக்கிற வேலைக்கு. அவ போற ஊர்ல பனி கொட்டுமாம். நல்ல பூட்ஸ் இல்லாட்டி கால் வெரல் மரத்துப் போகும், வழுக்கி விழுந்து எலும்ப ஒடச்சுக்கிட்டா வேலையும் போச்சுன்னு பாஷை சொல்லித் தர்ற டீச்சர் சொல்லிருச்சு. அதக் கேட்டதுலேருந்து எனக்கு பூட்ஸ் நெனப்புதான். ஆனா எனக்கு வேர்க்குரு இன்னும் அடங்கல மதினி, நான் பனிக்கு பூட்ஸ் பாக்கணும்னா எதை வச்சுப் பாக்குறது?

எங்க வீட்ல குளிரப் பத்திப் பேசுற ஆளு மருமகதான். லைங் தாயா பேட்டையில குளிர்கோட்டு தைக்கிற கம்பெனியில இருக்கா. பாத்திருக்காளா குளிர? எங்க. வேர்வை சொட்டச் சொட்டத் தைப்பா. ஆனா பேச்சு மட்டும் பனிமலையில பொறந்தவ மாதிரி. "அத்தை, உள்ள பஞ்சு இருக்கணும். தண்ணி எறங்கக் கூடாது. அடி சொரசொரன்னு இருக்கணும். அவ குதி ஒசந்தத எடுத்தா விடாதீங்க." பேத்தி என்னடான்னா, "முட்டி வரைக்கும் இருக்கணும், கறுப்பா இருக்கணும், கோட்டும் கறுப்பு"ங்கிறா. மருமகளுக்கு லீவு கெடைக்கல. அதனால காவலுக்கு நான் போனேன்.

அலோன் துறை பக்கம் ஒரு குடோன், நம்ம பாய் ஒருத்தர் வச்சிருக்காரு. ஜப்பான்காரங்க போட்டுக் கழிச்சத மூட்டை கட்டி அனுப்புவாங்களாம், அதைப் பிரிச்சுப் போட்டு விக்கிறாரு. நான் கேட்டேன், "பாய், அங்கேருந்து வந்ததை வாங்கிக்கிட்டு இவ அங்கேயே போறாளே, இதுக்கு அதை அங்கேயே வச்சிருக்கலாம்ல?" அவரு சிரிக்கிறாரு. "ஆத்தா, அப்பறம் நான் சோத்துக்கு எங்க போவேன்?"

அம்மாடி, எத்தனை விதம்! கயிறு கட்டுறது, ஜிப்பு இழுக்கிறது, கழுத்துல ரோமம் வச்சது. எங்க வீட்டுக்காரர் அந்த அலோன் துறையிலதான் மூட்டை தூக்குனாரு, கடைசி வரைக்கும் வெறுங்காலு. பொம்பளைங்களுக்கு பூட்ஸ்ல இம்புட்டு இருக்குன்னு சொல்லியிருந்தா என்னை அடிச்சிருப்பாரு. சரி, அது கெடக்கட்டும். பேத்தி ஒரு கறுப்பு ஜோடிய எடுத்தா. முட்டி வரைக்கும், பாம்பு மாதிரி பளபளன்னு. குதி கொஞ்சந்தான் ஒசரம், நானும் கண்ண மூடிக்கிட்டேன். காலுல போட்டா அளவெடுத்துத் தச்ச மாதிரி உக்காந்துச்சு. வாங்கியாச்சு, வந்தாச்சு.

வீட்ல மருமக கம்பளி சாக்ஸ எடுத்தா பாருங்க, தலையணை உறை மாதிரி தடியா. அதைப் போட்டுக்கிட்டு காலை விட்டா, போகல! இழுக்குறோம், தள்ளுறோம், நான் கீழ உக்காந்து முட்டுக் குடுக்குறேன், ம்ஹூம். நாம என்னைக்கு மதினி சாக்ஸ் போட்டோம்? வெறுங்காலுல போட்டுப் பாத்துட்டு வந்துட்டோம். மூணு பொம்பளைங்கள்ல ஒருத்திக்கும் தோணல. மருமக என்னைப் பாக்குறா. "உங்களை எதுக்கு அத்தை அனுப்புனேன்?" "குதியப் பாக்கத்தான அனுப்புன?"ன்னேன். பேத்தி ஒரே அழுகை. "நான் சாக்ஸ் இல்லாமயே போட்டுக்கிறேன்!"

மறுநா சாக்ஸயும் எடுத்துக்கிட்டு திரும்பப் போனோம். அங்க ஒவ்வொண்ணும் ஒத்த ஜோடிதான், பெருசா வேணும்னா அதுலயே கெடைக்காது. சாக்ஸோட கால் நொழஞ்சது ஒண்ணே ஒண்ணு. மண்ணு நெறம், மூக்கு மழுங்கி, ஆனைக்குட்டி காலு மாதிரி. உள்ள மெத்துமெத்துன்னு பஞ்சு, பக்கத்துல ஜிப்பு, அடி சொரசொரப்பு. மருமக கேட்ட அத்தனையும் அதுல இருக்கு. பேத்தி காலை உருவிக்கிட்டா. "இதைப் போட்டுக்கிட்டு நான் வயசானவங்களப் பாத்துக்கப் போறனா, இல்ல அவங்க என்னையப் பாத்துக்குவாங்களா?" பாய் வேற, "கறுப்பத் திருப்பி எடுத்துக்கிறேன் தாயி, ஆனா எனக்குப் பனியப் பத்தி என்னா தெரியும், எங்க வாப்பாவே பாத்ததில்ல"ங்கிறாரு.

எனக்கு ஆசை வந்துருச்சு மதினி. எனக்கும் அவளுக்கும் ஒரே காலு. நான் கட்டியிருந்த லுங்கிய முட்டிக்குத் தூக்கிச் சொருகிக்கிட்டு, சாக்ஸப் போட்டு, அந்த ஆனைக்காலுக்குள்ள எறங்குனேன். ஐயோ, என்னா சொகம்! ரெண்டு பூனைக்குட்டி காலைக் கட்டிப் புடிச்ச மாதிரி. குடோனுக்குள்ள அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தேன். வேர்வை ஊத்துது, நிப்பாட்ட மனசு வரல. "ஏன் பாய், போலீசு மாதிரி இருக்கனா?" "போலீசுக்கு அம்மா மாதிரி இருக்கீங்க ஆத்தா."

பேத்தி அழுத மூஞ்சியோட சிரிச்சுட்டா. போட்டோ எடுத்து, போன வருசமே ஜப்பானுக்குப் போன அவ கூட்டாளி பொண்ணுக்கு அனுப்புனா. ஒடனே போன் கிணுங்குது. என்ன வந்துச்சுன்னு நமக்கு எழுத்துத் தெரியாதுல்ல, படிச்சுச் சொல்லுடின்னேன். "இங்க பனிக்கு எல்லாரும் இப்படித்தான் போடுறோம், அந்தக் கறுப்புல வந்தா மொத நாளே விழுவ, உங்க அப்பத்தா லுங்கிக்கு அது எவ்வளவு நல்லாருக்கு, நீயும் லுங்கிக்குப் போட்டு ஒரு போட்டோ போடு"ன்னு வந்திருக்காம். அவ்வளவுதான். "அப்பத்தா, கழட்டு! கழட்டு! வேர்வை பட்ரும்!"

எனக்கு ஒண்ணும் வெளங்கல மதினி. அதே பூட்ஸு, அதே மூக்கு. ஒரு நிமிசத்துக்கு முன்னாடி அசிங்கம், இப்ப அழகு. என் காலுல இருந்து அழகாச்சா, போனுக்குள்ள போயி அழகாச்சா? இன்னொண்ணு கேளுங்க. ஜப்பான்லயும் வீட்டுக்குள்ள போகையில வாசல்ல கழட்டணுமாம்! நம்மள மாதிரியே! அப்ப அந்தக் குளிர்ல நின்னுக்கிட்டு கழட்டுவாங்களா? நல்லவேளை, இதுல கயிறு இல்ல, ஜிப்பு.

இன்னைக்குக் காலையில சாக்ஸோட போட்டு, அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துட்டு, "கடிக்கல அப்பத்தா, ஒரு எடத்துலயும் கடிக்கல"ன்னா. தரையில தண்ணிய ஊத்தி அதுல நடக்கச் சொன்னேன். வழுக்கல மதினி. ரெண்டு தடவ நடக்க விட்டுப் பாத்துட்டேன், வழுக்கவே இல்ல. இனிமே போகட்டும், எனக்கு பயம்...

ஏ, லைட்டு எரியுதே! கரண்டு வந்துருச்சு மதினி, மோட்டாரப் போடணும், தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல. நீங்களும் ஓடுங்க, ஓடுங்க!