மடக்கிய குடை

இலங்கையில், கண்டிக் கச்சேரி எனும் அரசாங்க அலுவலகத்தின் விறாந்தையில் நான் மனு எழுதிக் கொடுக்கத் தொடங்கியிருந்த காலம். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிச் சீராக்கும் ஒருவர் மனைவியோடும் மகளோடும் வந்தார். கொட்டும் மழையில் மூவரும் தொப்பலாக நனைந்திருக்க, குடை மட்டும் அவர் கக்கத்தில் மடங்கிக் கிடந்தது. வலது காது பாதிதான் இருந்தது.

“குடும்பத்தோட இந்தியாவுக்கே திரும்பிடுறோம்னு எழுதுங்கய்யா.”

“குடைய விரிச்சா என்ன?” என்று கேட்டேன்.

“தோட்டத்துத் தொரைக்கு முன்னால ஒரு நாள் மரியாத இல்லாம விரிச்சேன். கங்காணி பிரம்பால அடிச்ச அடியில காது பிஞ்சிருச்சு. அதுலருந்து கை வரமாட்டேங்குது.”

எழுதி நீட்டினேன். கைநாட்டு வைக்கப் போனவரை மனைவி தடுத்தாள்.

“அங்க நம்ம ஊருல செருப்பு போட்டு மேலத்தெருவுல நடந்ததுக்கு ஒங்க அண்ணன் காலையே வெட்டுனாங்களே, மறந்துட்டீங்களா?”

அவர் மகளின் கால்களைப் பார்த்தார். இடுப்பிலிருந்த கவ்வாத்துக் கத்தியை உருவி, மனுவின் நடுவில் ஓங்கி ஒரே வெட்டு. கத்தி மேசைப் பலகைக்குள் இறங்கியது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

“மன்னிச்சுக்கங்கய்யா” என்று கும்பிட்டுவிட்டு மழையில் இறங்கினார். குடை கக்கத்திலேயே இருந்தது.

இன்றும் அதே மேசைதான். யார் வந்து ‘ஊருக்குப் போறோம்’ என்றாலும், என் பேனா அந்த வெட்டில் இடறி நிற்கிறது.