ஞானசெல்வி டீச்சரின் நாற்காலி

சாக்பீஸை இரண்டாக ஒடித்து, சிறு துண்டை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மூடிவிட்டு, பெரிய துண்டோடு ஞானசெல்வி டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்புகிறார். அதற்குள் ஒரு பழைய டிபன் பாக்ஸ் மூடி பெஞ்சு பெஞ்சாகப் போய்க்கொண்டிருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு ரப்பரையோ ஒயிட்னரையோ அதில் போடுகிறார்கள். மணி அடித்ததும் அவரவர் சரக்கு அவரவருக்குத் திரும்பி வந்துவிடும். கணக்கு நடக்கிற நேரத்தில் மட்டும் யார் கையிலும் அது இருக்கக் கூடாது.

"தப்புன்னு தெரிஞ்சா மேல ஒரே ஒரு கோடு. அம்புட்டுதேன். அழிச்சிட்டீகன்னா நாளைக்கு அத எங்கன போயித் தேடுவீக?" என்பார்.

சின்னமனூர்ப் பக்கத்தில் ஓர் உதவிபெறும் பள்ளி எங்களுடையது. அவருடைய வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, ஒரு மரத்தடுப்புதான். நான் இந்தப் பக்கம் தமிழ் நடத்துகிறேன். அவர் அந்தப் பக்கம் இயற்கணிதம் நடத்துகிறார். என் செய்யுள் வகுப்பில் சொக்கிக் கிடக்கும் பையன்கள் அவர் கேட்கும் கேள்விக்கு இங்கிருந்தே பதில் சொல்லிவிடுவதுண்டு. எனக்கு முதலில் கோபம் வந்தது. இப்போது எனக்கே பல விடைகள் தெரிந்திருப்பதால் கோபம் போய்விட்டது. பள்ளிக்கூடம் படித்த காலத்தில் ஏறாத கணக்கு, தலை நரைத்தபிறகு தடுப்பின் இடுக்கு வழியாக ஏறியிருக்கிறது.

ஆள் குள்ளம். பலகையின் மேல்பாதி அவருக்கு எட்டாது. அதனால் சூத்திரங்கள் எல்லாம் கீழ்ப்பாதியிலேயே நெருக்கியடித்துக் குடியிருக்கும். போடியிலிருந்து பஸ்ஸில் வருகிறார். வீட்டுக்காரர் இம்மானுவேல் போடி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பதால் டீச்சரின் கைப்பையைத் திறந்தாலே ஆசிரியர் அறை மணக்கும். பரீட்சை நாளன்று காலையில் ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் ஓர் ஏலக்காயை வைத்து, "வாயில அதக்கிக்க. வயித்தக் கலக்காது" என்று சொல்லி அனுப்புவார். விடைத்தாள்களைப் பஸ்ஸிலேயே திருத்துகிறவர். சரி என்று போட்ட குறி எங்கே இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறதோ, அங்கே டிரைவர் பிரேக் போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இளவயதில் குமுளியில் ஒரு தனியார் பள்ளியில் சில வருடம் வேலை பார்த்திருக்கிறார். அங்கிருந்து கொண்டுவந்த ஒரே சொத்து "மனசிலாயோ?" என்ற மலையாளக் கேள்வி. ஆனால் அதற்கு "புரியுது டீச்சர்" என்று வகுப்பே சேர்ந்து பாடக் கூடாது. அது இரண்டாவது விதி. "கோரஸா புரியாது. ஒத்தையிலதேன் புரியும்" என்பார். யாருடைய முகமாவது வாடியிருந்தால் "எந்த வரியில இறங்கிட்ட?" என்று கேட்பார். பிள்ளை, "மூணாவது வரில டீச்சர்" என்று சொல்லும். "சரி, அங்கனயே நில்லு. வந்து ஏத்திக்கிறேன்" என்று சொல்லி, மூன்றாவது வரியிலிருந்து மறுபடி தொடங்குவார். இதற்காக அவர் சலித்துக்கொண்டு நான் கேட்டதே இல்லை.

மற்ற விதிகளும் தடுப்பைத் தாண்டிக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். விடை மட்டும் எழுதினால், அது சரியாகவே இருந்தாலும், சுழி. வழி சரியாக இருந்து கடைசியில் கூட்டலில் சறுக்கியிருந்தால் அநேகமாக முழு மார்க். சமக்குறிகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, கொத்தனார் தூக்குக்குண்டு விட்டதுபோல் நேராக இறங்கவேண்டும். கண்டுபிடித்த விடையை எடுத்துக்கொண்டுபோய் முதல் வரியில் வைத்துப் பார்க்காமல் யாரும் பேனாவை மூடக் கூடாது. "மருமகனப் புடிச்சாச்சு, சரி. வீட்டுக்குக் கூட்டியாந்து உக்கார வச்சுப் பாக்க வேணாமா?" என்பது அவர் வாதம்.

வீட்டுப்பாடத்தில் மட்டும் இந்தப் பள்ளத்தாக்குக்கென்று ஒரு சலுகை உண்டு. சனி, ஞாயிறு என்றால் விடியுமுன் ஜீப் ஏறி, அம்மாவோடு ஏலத்தோட்டத்துக்கு மலையேறிவிடுகிற பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் செவ்வாய்க்கிழமை கொடுத்தால் போதும். ஆனால் திங்கட்கிழமை வகுப்பு தொடங்குமுன் எழுந்து "போடல டீச்சர்" என்று சொல்லிவிட வேண்டும். அவசரத்துக்கு வாட்ஸ்அப்பில் வந்த கணக்கைப் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் பொல்லாத கோபம் வரும். ஒருமுறை யாரோ போட்டோ எடுக்கும்போது நோட்டின் ஓரம் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. பாதி வகுப்பு எல்லா வரியிலும் கடைசி எண் இல்லாமலே கணக்கைக் கொண்டுவந்து நீட்டியது. அன்றைக்குக் கோபப்பட வந்தவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் கேட்டு என் வகுப்புக்கே வந்துவிட்டார்.

எல்லா விதிகளுக்கும் மேலே நாற்காலி விதி இருக்கிறது. பலகையில் டீச்சர் தப்புவிட்டால், பார்த்தவர் உடனே கை தூக்கவேண்டும். கையென்றால் பாதியில் மடங்கி நிற்கும் கையல்ல. முழங்கை மடங்காமல், காதை ஒட்டி, டீச்சர் பார்க்கும்வரை நிமிர்ந்து நிற்கவேண்டும். தப்பு உறுதியானால் சாக்பீஸும் நாற்காலியும் கண்டுபிடித்தவருக்கு. அந்தக் கணக்கு முடியும்வரை டீச்சர் அந்தப் பிள்ளையின் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, வாய் பேசாமல், பலகையைப் பார்த்து எழுதவேண்டும். ஒருநாள் அப்படி உட்கார்ந்தவர் பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ கிசுகிசுத்துவிட, நாற்காலியில் இருந்த பையன் அருண்பாண்டி, "டீச்சர், பேச்சு வேணாம்" என்று அதட்டிவிட்டான். "மன்னிச்சுக்கங்க சார்" என்று இவர் சொன்னதும் தடுப்பின் இரண்டு பக்கமும் சிரிப்பு.

அந்த நாற்காலியில் அதிகம் உட்கார்ந்தவள் முனீஸ்வரி. வருசநாட்டுப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிற பெண். சித்தியோடு போகிற ஏலத்தோட்டத்தில் பழுத்ததையும் பிஞ்சையும் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணோ என்னவோ, டீச்சரின் மைனஸ் கொஞ்சம் வளைந்தாலும் பிடித்துவிடுவாள்.

போன வருடம் பத்தாம் வகுப்புக் கணக்கில் எங்கள் பள்ளி சறுக்கியது. அந்த வகுப்பும் ஞானசெல்வி டீச்சருடையதுதான், சிலர் தேறவில்லை. ஹெட்மாஸ்டர் சங்கரலிங்கம் கெட்டவரல்ல, ஆனால் சதவீதத்துக்குப் பயந்தவர். புதிதாக வந்திருக்கும் இளைஞர் ஸ்டீவனிடம் வகுப்பைக் கொடுத்துவிட்டு, ஞானசெல்வி டீச்சரை ஆறாம் வகுப்புக்கு அனுப்பலாம் என்று நினைத்தார். கல்வி அதிகாரி பார்வையிட வரும் நாளில் பாடம் எப்படிப் போகிறதோ, அதை வைத்து முடிவு செய்வதாகவும் சொல்லிவிட்டார். ஸ்டீவன் தங்கமான பையன். அவருக்கும் இது பிடிக்கவில்லை. ஆனால் ஹெட்மாஸ்டரிடம் வேண்டாம் என்று சொல்லும் வயதில்லை.

இந்தப் பிள்ளைகளை எட்டாம் வகுப்பிலிருந்து கூடவே நடத்திக் கூட்டிவந்தவர் டீச்சர். ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்தவர் அப்படியே மூடிவைத்தார்.

"மார்ச்சு வரைக்கும் விட்டுட்டாகன்னா போதும் தமிழய்யா. பரீட்சைக்கு இதுகள அனுப்பிட்டு, ஆறாப்பு என்ன, அரிச்சுவடி நடத்தச் சொன்னாலும் நடத்துறேன். பாதித் தூரத்துல இறங்குன்னா எப்படி?" என்றார். நானும் என் டிபன் பாக்ஸை மூடிவைத்தேன்.

செய்தி பிள்ளைகள் காதுக்குப் போகாமல் இருக்குமா? அதிகாரி வருவதற்கு முந்தின நாள் இடைவேளையில் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாநாடு நடந்தது.

"ஏலே, நாளைக்கு டீச்சர் தப்புவிட்டாலும் ஒருத்தரும் கையத் தூக்கக் கூடாது. தூக்குனா கிளாஸு ஸ்டீவன் சாருக்குப் போயிரும்." அருண்பாண்டியின் குரல் அது.

"அப்ப ரூலு?" என்றாள் முனீஸ்வரி.

"ரூலுக்கு நாளைக்கு லீவு."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மறுநாள் அதிகாரி அம்மா வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அடிப்படையிலிருந்து ஒரு கணக்கு போட்டுக் காட்டச் சொன்னார். ஹெட்மாஸ்டர் வாசலில் நின்றார். வெட்டிய இளநீரோடு என்னையும், கூடமாட உதவிக்கு என்று ஸ்டீவனையும் வராந்தாவில் நிறுத்தியிருந்தார். அன்று காலை டீச்சர் சாக்பீஸை ஒடித்தபோது பெரிய துண்டைக் கூட்டுக்குள் போட்டுவிட்டுச் சின்னத் துண்டோடு திரும்பினார்.

5x − 2(x − 3) = 21 என்று எழுதினார். கீழே சமக்குறியை நேராக இறக்கி, அடுத்த வரியில் 5x − 2x − 6 = 21 என்று எழுதினார்.

பேனாக்கள் எல்லாம் ஒருசேர நின்றன. அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் மைனஸ் உள்ளே போகும்போது, உள்ளே இருக்கிற மைனஸைப் பிளஸாக மாற்றவேண்டும். அதைத் தடுப்பு வழியாகக் கற்ற எனக்கே தெரியும். அருண்பாண்டி மெதுவாகத் திரும்பி வகுப்பை ஒரு பார்வை பார்த்தான். எல்லோரும் குனிந்து, அந்தத் தப்பை அப்படியே அழகாக எழுதிக்கொண்டார்கள். விடை ஒன்பது என்று வந்து நின்றது. பார்வைக்கு லட்சணமான விடை. அதைக் கொண்டுபோய் முதல் வரியில் வைத்துப் பார்க்க டீச்சர் கையைத் தூக்கும்போது, அதிகாரி அம்மா எழுந்துவிட்டார்.

"போதும் டீச்சர். நல்ல தெளிவா இருந்துச்சு" என்றார்.

டீச்சர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. வகுப்பு அவருக்குத்தான் என்று ஆகிவிட்டது. ஹெட்மாஸ்டர்கூடச் சிரித்துவிட்டார். அந்த நேரத்தில்தான் மூன்றாவது பெஞ்சிலிருந்து முனீஸ்வரியின் கை எழும்பியது. பக்கத்தில் இருந்த ஓவியா அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். கை இறங்கவில்லை.

"முனீஸ்வரி, கைய இறக்கு" என்றார் ஹெட்மாஸ்டர்.

"இறக்காத" என்றார் டீச்சர். "எந்த வரி ஆத்தா?"

"ரெண்டாவது வரி டீச்சர்." "மைனஸ் ஆறு, பிளஸ் ஆறா ஆகணும். நீங்க மைனஸாவே விட்டுட்டீக."

டீச்சர் திரும்பிப் பலகையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "அப்பவே பாத்தியா?"

"ஆமா டீச்சர்."

"அப்பறம் ஏன் இம்புட்டு நேரம்?"

அருண்பாண்டி எழுந்து நின்றான். "நாங்கதேன் டீச்சர் வேணாம்னோம். கை தூக்குனா உங்கள ஆறாப்புக்கு அனுப்பிருவாகன்னு..."

"எனக்காக எல்லாருமா ஒக்காந்து தப்ப எழுதிக்கிட்டு இருந்தீகளா?" என்றார். கோபம்தான். ஆனால் கண் நிறைந்துவிட்டது. "அட ஆண்டவரே, நாளைக்குப் பரீட்சையில இதையே எழுதி வச்சீகன்னா நான் எங்கன போயி முட்டிக்கிறது?" என்றவர், பெரியது எங்கே என்று கூட்டைத் திறந்து தேடி, அந்தச் சாக்பீஸை முனீஸ்வரியின் கையில் வைத்தார். நேரே மூன்றாவது பெஞ்சுக்குப் போனார். "தள்ளி உக்காரு ஆத்தா" என்று ஓவியாவிடம் சொல்லி இடம்பிடித்து, முனீஸ்வரியின் நோட்டை இழுத்து வைத்துக்கொண்டார்.

"என்ன டீச்சர் இது?" என்றார் அதிகாரி அம்மா.

டீச்சர் வாய் திறக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தால் பேசக் கூடாது. முனீஸ்வரிதான் சொன்னாள். "எங்க ரூல் மேடம். தப்பக் கண்டுபிடிச்சவுக அங்கிட்டு, டீச்சர் இங்கிட்டு."

அதிகாரி அம்மா மறுபடியும் உட்கார்ந்தார். முனீஸ்வரி இரண்டாவது வரியின்மேல் ஒரே ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் திருத்தி எழுதி, சமக்குறிகளை நேராக இறக்கி, ஐந்து என்று விடையைக் கொண்டுவந்தாள். கைத் தூசியைத் தட்டிவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஹெட்மாஸ்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு ஓடினார். "மேடம், நாங்க எப்படியும் ஆள மாத்தப் போறோம்..."

"மாத்தாதீங்க சார்" என்றார் அவர், தணிந்த குரலில். "பரீட்சை முடியுற வரைக்கும் இவங்களே எடுக்கட்டும்."

என் பக்கத்தில் ஸ்டீவன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். அதிகாரி அம்மா சொன்னது ஜன்னலோரம் இருந்த பிள்ளைகளுக்கும் கேட்டுவிட்டது, ஒருவர் தொடையை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள். கேட்காதவர் ஞானசெல்வி டீச்சர் ஒருவர்தான். அவருக்கு அங்கே வேறு கவலை. முனீஸ்வரி விடையை முதல் வரியில் வைத்துப் பார்க்காமலே உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது பெஞ்சில், கண்ணாடி மூக்கில் சரிய, முழங்கை மடங்காமல் காதை ஒட்டிக் கையைத் தூக்கிப் பிடித்தபடி, நாற்காலி தன்னைப் பார்க்கும்வரை அவர் காத்திருந்தார்.